ஹவாயில் சோறு கிடைக்குமா?

என் வீட்டுக்காரருக்கு எந்தக் கவலையும் வயிற்று வழியாகத்தான் வரும். அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது ஊரே விசா, டிக்கெட், குளிர் என்று பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அங்கே புளி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். டாலஸ் பக்கத்தில் காப்பெலில் வீடு வாங்கும்போதும் இதே கதைதான். ஏஜென்ட் பள்ளிக்கூடத்து ரேட்டிங்கைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். இவர் இட்லி மாவு விற்கும் கடை எவ்வளவு தூரம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தார். ஆகவே எங்கள் ஒரே மகளுக்கு ஹவாயில் கடல் அறிவியல் படிக்க இடம் கிடைத்த அன்று இவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு ஆச்சரியமாக இல்லை.

"அங்க சோறு கிடைக்குமா?"

மகள் சிரித்தாள். "அப்பா, இட்ஸ் ஹவாய். தே ஈட் ரைஸ் ஃபார் பிரேக்ஃபாஸ்ட்."

"அதெல்லாம் இன்டர்நெட்ல போட்டிருப்பான்."

டெக்சஸிலேயே ஒரு நல்ல காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இவர் மனது அங்கேதான். "ஃப்ரீவேல ஏறினா மூணு மணி நேரம். சாம்பார் வெச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடலாம்" என்றார். மூன்று மணி நேரம் சூடு ஆறாத சாம்பாரை நான் இதுவரை வைத்ததில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. பணத்தைப் பற்றி இவரால் வாய் திறக்க முடியவில்லை, ஸ்காலர்ஷிப் கொடுத்துவிட்டார்கள். படிப்பைப் பற்றியும் பேச முடியவில்லை. ஏழு வயதில் கால்வெஸ்டன் கடற்கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே ஒரு நண்டை மத்தியானம் முழுக்கப் பார்த்தவள் அவள். அன்று இவர் கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் இறங்காமல் எங்கள் மூன்று ஜோடி செருப்புக்கும் காவல் நின்றார். கடல் என்றாலே இவருக்கு ஆகாது. இவர் கையில் மிச்சம் இருந்தது சோறு ஒன்றுதான். விடிந்தால் சோறு, அடைந்தால் சோறு. கலிபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கும் ஒரு சிநேகிதரை ஆதரவுக்கு போனில் கூப்பிட்டார். அவர் "ஹவாயா? ஹனிமூனுக்குப் போற ஊர்ல என்னய்யா படிப்பு?" என்று கேட்டு வைக்க, இவருக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது.

எனக்குத் தெரியும், இவருக்குப் 'போகாதே' என்று சொல்ல வாய் வராது. 'நீ இல்லாமல் எப்படி இருப்பேன்' என்பது அதைவிட வராது. அவர் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். அந்த வீட்டு ஆண்களுக்கு எல்லாவற்றையும் 'சாப்பிட்டியா'வில் அடக்கிவிடத் தெரியும். ஆனால் என் மகள் இங்கே பிறந்தவள். கேள்வி கேட்டால் அது கேள்வி. சோறு கிடைக்குமா என்று கேட்டால் சோறு கிடைக்கும் என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று நம்புகிறவள். எனவே, சயின்ஸ் ப்ராஜெக்ட் மாதிரி இறங்கிவிட்டாள்.

"சண்டே லஞ்ச்சுக்கு வெளிய போறோம். ஐ ஃபவுண்ட் எ ஹவாயன் பிளேஸ்" என்றாள்.

ஏன் ஞாயிறு என்றால், சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். சிக்கல் என்னவென்றால், எந்தக் காலேஜ் என்று பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் அதே ஞாயிறுதான். அன்று ராத்திரிக்குள் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். நான் பதறினேன். இவர் பதறவில்லை. "அவங்க ஊரு நமக்கு அஞ்சு மணி நேரம் பின்னாடி. இன்னும் டைம் இருக்கு" என்றார். ஹவாயில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

எனக்கு மட்டும் அனுப்ப ஆசையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆசை இல்லை. ஆனால் அந்த நண்டைப் பார்த்த முகத்தை நான் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் அழுதாலும் அனுப்பிவிடுவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். இவர் முடிவு செய்ய வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாமல் பட்டனைத் தொடமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அப்பா பெண் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கைப்பையில் ஒரு சின்ன டப்பா எலுமிச்சங்காய் ஊறுகாய் எடுத்து வைத்தேன். மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா! யூ காண்ட் டேக் பிக்கிள் டு எ ரெஸ்டாரன்ட்."

"எடுக்கவா போறேன்? சும்மா இருக்கட்டும்."

"அவ எடுப்பா" என்றார் இவர், காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே.

கடை ஒரு பழைய ஸ்ட்ரிப் மாலில் இருந்தது. ஒரு பக்கம் நகத்துக்குச் சாயம் பூசும் கடை, மறுபக்கம் சலவைக் கடை. வாசலில் வெயிலில் வெளுத்துப்போன ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். இவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். அவள் வேகமாகக் கதவைத் திறந்தாள்.

உள்ளே நல்ல கூட்டம். மேசைகள் எல்லாம் மழமழவென்று துடைத்த பிளாஸ்டிக் மேசைகள். சுவரில் ஒரு சர்ஃபிங் பலகை, பக்கத்தில் யார் யாருடைய குடும்பப் போட்டோக்களோ. நின்று ஆர்டர் கொடுத்துவிட்டு, எண்ணைக் கூப்பிட்டதும் நாமே போய் வாங்கிவர வேண்டும். பொரித்த கோழியும் பூண்டும் சேர்ந்த வாசனை. நான் மூக்கை உறிஞ்சியதை மகள் கவனித்தாள். இவரும் உறிஞ்சினார், ஆனால் யாரும் பார்க்காதபோது.

கவுன்டரில் காதோரம் பூ வைத்த ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். இவரைப் பார்த்து, "ஹாய் அங்கிள், வாட் கேன் ஐ கெட் யூ?" என்றாள்.

இவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். இருபது வருஷமாக டெக்சஸில் கடைக்காரர்கள் இவரை சார் என்றிருக்கிறார்கள், பாஸ் என்றிருக்கிறார்கள், 'பட்டி', அதாவது கூட்டாளி, என்று தோளில் தட்டியவர்களும் உண்டு. அங்கிள் என்று தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஓடித் திரியும் பிள்ளைகள்தான் கூப்பிடும்.

"உனக்கு இந்தப் பொண்ணைத் தெரியுமா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"நோ அப்பா. ஹவாய்ல அப்படித்தான். எவ்ரிபடி ஓல்டர் இஸ் அங்கிள் ஆர் ஆன்ட்டி. ஸ்ட்ரேஞ்சர்ஸ் கூட."

"தெரியாதவங்களையுமா?"

"தெரியாதவங்களையும்."

இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். என் மகளுடைய உதட்டோரச் சிரிப்பைப் பார்த்ததும், இது அவளுக்கு முன்னாலேயே தெரியும், இதற்காகத்தான் அவரை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறாள் என்று புரிந்தது. சரியான கள்ளி.

ஆர்டர் கொடுப்பதில் இன்னொரு பஞ்சாயத்து. இவர் வழக்கப்படி "ஒரு பிளேட் வாங்கி மூணு பேரும் டேஸ்ட் பார்ப்போம், நல்லா இருந்தா அடுத்தது" என்றார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளே ஆர்டர் கொடுத்தாள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி இல்லை, மற்றதெல்லாம் ஓடும். எனக்குப் பூண்டு போட்ட இறால். அவளுக்கு நெருப்பில் வாட்டிய கோழி. இவருக்குப் பொரித்த கோழியும் மேலே ஊற்ற ஒரு கிண்ணம் கறிக் குழம்பும். அந்தக் குழம்பு மெனு அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது, அவள் தேடவே இல்லை. எல்லாம் முன்கூட்டியே பார்த்து வைத்த வேலை.

எண்ணைக் கூப்பிட்டதும் மகள் போய்த் தட்டுகளை வாங்கிவந்தாள். இவர் தட்டில் ஐஸ்கிரீம் கரண்டியால் எடுத்து வைத்த இரண்டு உருண்டை வெள்ளைச் சோறு. பக்கத்தில் அதே அளவில் ஒரு உருண்டை மக்ரோனி சாலட், மயோனைஸ் போட்டு ஜில்லென்று. மீதி இடம் முழுக்கக் கோழி. இவர் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சோறு குழைஞ்சிருக்கே. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற மாதிரி."

"இட்ஸ் ஸ்டிக்கி ரைஸ், அப்பா. அப்படித்தான் இருக்கும்."

"இது என்ன, ஆறிப்போன சேமியா உப்புமால தயிர் ஊத்தின மாதிரி இருக்கு?"

"ஜஸ்ட் ட்ரை."

முள்கரண்டியால் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மகள் தன் தட்டைத் தொடவே இல்லை. அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை பேப்பரைத் திருத்தும் வாத்தியார் முன்னால் நிற்கிறவள் போல் உட்கார்ந்திருந்தாள், பாவம். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவர் இரண்டாவது வாய் எடுத்தார். மேசையில் ஒரு பாட்டிலில் தண்ணீரில் மிளகாய் மிதந்தது. அதை எடுத்து மோந்து பார்த்து, சோற்றில் தெளித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ம்" என்றார். அந்த 'ம்' எங்கள் வீட்டில் சாதாரணமாகக் கிடைக்காது. இருபத்திரண்டு வருஷம் சமைத்த எனக்கே தீபாவளிக்குத் தீபாவளிதான் வரும்.

அப்புறம் ஒன்று நடந்தது. இவர் வெளியே எங்கே சாப்பிட்டாலும் முள்கரண்டிதான். ஆபீஸ் பழக்கம். இந்தியன் ஹோட்டலில் பிரியாணியைக்கூட ஸ்பூனில்தான் சாப்பிடுவார். கையால் சாப்பிடுவது வீட்டில் மட்டும். அன்று முள்கரண்டியை ஓரமாக வைத்தார். கிண்ணத்துக் குழம்பை எடுத்து இரண்டு உருண்டைக்கும் நடுவில் ஊற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அப்படியே பிசைந்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். இந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

"ஊறுகாய் இருக்கா?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மகளே மூடியைத் திறந்துவிட்டாள். கவுன்டர் பெண் எங்கள் பக்கம் வந்தபோது டப்பாவை எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். இவர் பெருமையாகக் கொஞ்சம் கொடுத்தார். அவள் நக்கிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய் இன்னொரு உருண்டை சோறு கொண்டுவந்து இவர் தட்டில் வைத்தாள். இவர் வழக்கம்போல "நோ நோ, ப்ளீஸ்" என்று தட்டின் மேல் இடது கையை வைத்து மறைத்தார். அவள் கையை ஒதுக்கிவிட்டு வைத்தாள். "அங்கிள், ஈட்" என்றாள். இவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

பாதித் தட்டு காலியானதும் இவருக்கே பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கட்சி மாறிவிடுவோமோ என்ற பயம். மடமடவென்று கேள்விகளை எடுத்துப் போட்டார்.

"அங்க எரிமலை இருக்காமே?"

"அது வேற ஐலண்ட், அப்பா."

"சுனாமி வந்தா?"

"சைரன் அடிப்பாங்க. கேம்பஸ் இஸ் அப் ஆன் எ ஹில்."

"நேரா ஃப்ளைட் இருக்கா?"

"இருக்கு. ஃப்ரம் டாலஸ். நான்-ஸ்டாப்."

போனை நீட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"சரி, உடம்புக்கு ஒண்ணுன்னா? அங்க நமக்கு யாரு இருக்கா?"

அவள் கவுன்டர் பக்கம் தலையைக் காட்டினாள். "அப்பா, எவ்ரிபடி இஸ் அங்கிள் தேர். எவ்ரிபடி இஸ் ஆன்ட்டி."

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார். மக்ரோனியும் தீர்ந்துவிட்டிருந்தது. தட்டில் குறை சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"ஸோ?" என்றாள் மகள். "ஃபுட் இஸ் குட், ரைட்?"

"நல்லாத்தான் இருக்கு." நிறுத்தினார். "அதான் பிரச்சனை."

"வாட் டூ யூ மீன்?"

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ அங்க நல்லா சாப்பிட்டுக்குவ. நாங்க ரெண்டு பேரும் வீட்ல என்ன சாப்பிடுறது?"

என் மகள் நிஜமாகவே யோசித்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக, "அம்மா வில் குக், அப்பா. லைக் ஆல்வேஸ்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு மாதமாக ஒருத்தர் சோற்றை நினைக்காமலே சோறு சோறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொருத்தி அதை நம்பி ஊரெல்லாம் அலைந்து சோறு கண்டுபிடித்திருக்கிறாள். நடுவில் நான் ஊறுகாய் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"அடியே, அவர் சோத்தைப் பத்தியா பேசுறாரு?" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ இல்லாம சாப்பாடு இறங்காதுங்கிறார்டி மனுஷன்! எனக்கும்தான் இறங்காது. நானும் அழுவேன். ஏங்க, வாயைத் திறந்து அதைச் சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா?"

இவர் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்துபோனது. பிறகு, தமிழில் வராததால் ஆபீஸ் பாஷையில் சொன்னார்.

"ஐ வில் மிஸ் யூ, மா. தட்ஸ் ஆல். ஃபுட் இஸ் ஓகே."

மகள் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தாள். எரிமலைக்கு அவளிடம் பதில் இருந்தது, சுனாமிக்கு இருந்தது, இதற்கு அவள் எதையும் தேடி வைத்திருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஒய் டிடின்ட் யூ ஜஸ்ட் ஸே தட்?" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ போகமாட்ட."

அது உண்மைதான். சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே ஹவாயை விட்டிருப்பாள். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. போகாதே என்று சொல்ல வாய் வராத மனுஷன் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. வாய் தவறி அது வந்துவிடுமோ என்றுதான் சோற்றை வைத்து அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இவர் மேல் இருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் இரண்டு பட்டன்கள். ஒன்று வருகிறேன் என்பதற்கு, மற்றது வரவில்லை என்பதற்கு.

"யூ டூ இட், அப்பா. நீங்க அமுக்கினாத்தான் போவேன். இல்லைன்னா நோ. ஐ மீன் இட்."

இவர் போனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். வாசல் பக்கம் நடந்தார்.

மகள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "ஹி இஸ் லீவிங். அம்மா, ஹி இஸ் நாட் கோயிங் டு டூ இட்." போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். "இட்ஸ் ஓகே. நான் இங்கயே இருக்கேன். ஃபைன்."

நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையை முழங்கையில் மடக்கி, குழம்பு ஒட்டிய விரல்களை விரித்து, எதிலும் பட்டுவிடாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். கதவருகில் போய் இடது பக்கம் திரும்பினார். அங்கே பாத்ரூம் என்று எழுதியிருந்தது. கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

"உக்காருடி. போனைத் திருப்பி வை" என்றேன்.

"பட் ஹி..."

"திருப்பி வைன்னா வை."

குழாய்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. இவர் வெளியே வந்தார். ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். மகளின் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"ஏன் அழற?"

"ஐ தாட் யூ வாக்ட் அவுட்."

"எச்சில் கையோட எப்படிம்மா அமுக்குறது? இடது கையால பண்ணவும் மனசு வரல." சொல்லிக்கொண்டே போனைத் தன் பக்கம் இழுத்தார். "நல்ல காரியம் இல்லையா? எங்க, எந்தப் பட்டன்னு காட்டு."

அவள் காட்டினாள். இவர் வலது கை ஆள்காட்டி விரலால் அமுக்கினார். விரல் ஈரமாக இருந்ததால் போன் ஏற்கவில்லை. சட்டையில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அமுக்கினார்.